பார்த்தேன் என்று ஒரு கையெழுத்து

ஜூன் 5, திங்கள்

காலை ஆறரைக்குக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை வெள்ளிக்கிழமை தூக்கிப் பழுதுபார்த்து இறக்கியவர், "இனி அஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஐந்து வருடம் மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது.

வடிவு என்னைக் கேட்கவே இல்லை. நேரே எலக்ட்ரீஷியன் சுடலையைப் போனில் பிடித்தாள். கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. இயற்பியல் பேராசிரியர் ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார் என்பது பழுது என்று வந்தால் மட்டும் அவளுக்கு மறந்துபோகும். தொலைபேசி நிலையத்தில் இருபத்தேழு வருடம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு.

சுடலை மாடித் தொட்டிக்கு ஏறினார். "நீங்களும் வாங்க சார், தண்ணி எப்படி விழுதுன்னு பாப்போம்" என்றார். எனக்கு முழங்கால் சரியில்லை. கீழே நின்று சுவிட்சைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வடிவு சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிப்போனாள். மேலே நின்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

சுடலை இறங்கி வந்து, பெட்டியில் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றிச் செருகினார். தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் தெருவரை கேட்டது. மோட்டார் மூன்று நாளாகத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது.

"கலரை வச்சு மாட்டிட்டுப் போயிருக்காவ சார். கலரை நம்பப்பிடாது. ஓட விட்டுட்டு மேல ஏறிப் பாக்கணும். தண்ணிதான் சொல்லும்" என்றார்.

மும்முனை மின்சாரத்தில் இரண்டு முனைகளை மாற்றினால் காந்தப்புலம் ஏன் எதிர்த்திசையில் சுழல்கிறது என்று அவருக்கு விளக்கினேன். டீயைக் குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்.

மதியம் ஆய்வகத்தில் ஷமீலாவைத் திட்ட வேண்டியதாயிற்று. மூன்றாம் வருட ஆய்வு மாணவி, மேலப்பாளையத்துப் பெண், கெட்டிக்காரி. ஆனால் பதிவேட்டில் வேறொருவர் எழுதிய மின்னழுத்த அளவுக்குக் கீழே, மீட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எங்கள் ஆய்வகத்தில் இது பெரும் பிழை. ஒருவர் ஓர் அளவை எழுதினால், இன்னொருவர் தன் கண்ணால் பார்த்துவிட்டு "பார்த்தேன்" என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு நான் கொண்டுவந்த வழக்கம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பதிவேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கால் மணி நேரம் அவளுக்குப் பாடம் எடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டு "சரி சார்" என்றாள்.

நல்ல நாள். தண்ணீர் வந்துவிட்டது.

ஜூன் 7, புதன்

எங்கள் ஆய்வைப் பார்வையிட அரசாங்கக் குழு 22ஆம் தேதி வருகிறதாம். கடிதத்துடன் பதினோரு படிவங்கள். ஏழாவது படிவத்தில் ஒரு கேள்வி: "உங்கள் ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன்? நூற்றைம்பது எழுத்துகளுக்குள் எழுதுக." ஒவ்வொரு நொடியும் உங்கள் உள்ளங்கை வழியாக ஒன்றிரண்டு மியூவான்கள், வானத்திலிருந்து பொழியும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள், போய்க்கொண்டிருக்கின்றன, அதைத் தெரிந்துகொண்டு சாவது தெரியாமல் சாவதைவிட நல்லது என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டு, "மாணவர் திறன் மேம்பாடு" என்று எழுதினேன். அரசாங்கத்தில் யாருக்கும் ஆராய்ச்சி மீது வெறுப்பில்லை. படிவத்தின் மீது அதைவிடப் பிரியம், அவ்வளவுதான்.

ஆனாலும் இந்தக் குழு முக்கியம். எங்கள் துறைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருக்கும் கருவியைப் போல இன்னும் பத்துக் கல்லூரிகளில் வைக்கலாமா என்று அவர்கள்தான் முடிவு செய்யப்போகிறார்கள். கருவி ஒன்றும் பிரமாதமில்லை. மியூவான் விழுந்தால் மினுக்கும் பிளாஸ்டிக் பலகைகளை இரண்டு பெட்டிகளில் வைத்திருக்கிறோம். ஒன்று வடக்கு வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், மற்றது தெற்கு வானத்தை. எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் வருகிறது என்று எண்ணுவதுதான் வேலை. கணக்குப்படி வடக்கு ஒரு பொட்டு கூடுதலாக இருக்க வேண்டும். எங்களுக்குத் தெற்கு கூடுதலாக வந்தது, நூற்றுக்கு ஒன்றரை. கணக்கை மீறிய அந்த ஒன்றரைக்காகத்தான் எங்கள் கட்டுரை மூன்று வருடமாகப் பேசப்படுகிறது. அது ஏன் தெற்கு என்று நான் ஒரு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். மேல்வானக் காற்று, கடல், வெப்பநிலை எல்லாம் வரும். அழகான விளக்கம்.

சாயங்காலம் ஹெப்சிபா போனில் பேசினாள். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. என்னிடம் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். பத்தில் முதலாவது அவள் கல்லூரிதான்.

"ரூம் ஒதுக்கியாச்சு சார். பதினாலு பிள்ளைக பேரு குடுத்திருக்கு. தினமும் எப்போ மிஸ், எப்போ மிஸ்னு ஒரே தொல்லை" என்றாள்.

அவள் குரலில் இவ்வளவு உற்சாகம் கேட்டு வருடங்கள் ஆகிவிட்டன. பட்டம் வாங்கியதும் மியூவானை விட்டுவிட்டு வெறும் பாடம் எடுக்கப் போய்விட்டாளே என்று எனக்கு ஒரு குறை இருந்தது. கல்யாணம்தான் காரணம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 8, வியாழன்

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம். இங்கே காற்று மட்டும்.

ஜூன் 11, ஞாயிறு

வடிவு வைத்த சொதிக் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலுக்கும் இஞ்சித் துவையலுக்கும் உள்ள பொருத்தத்தைக் கண்டுபிடித்தவருக்குப் பரிசு எதுவும் கொடுக்கப்படவில்லை. எந்தப் படிவமும் நிரப்பாமல் கண்டுபிடித்திருக்கிறார்.

மாலையில் குழுவுக்குக் காட்ட வேண்டிய படங்களைத் தயார் செய்தேன். எங்கள் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பெரிதாகக் காட்டினால் எடுப்பாக இருக்கும். 2018 நவம்பரில் பெருமழையில் மாடிக் கேபிள்கள் நனைந்து, எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம். கட்டுரைக்கான எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஒரு மாத எண்களைச் சோதனை ஓட்டம் என்று ஒதுக்கிவிட்டோம். அந்த நாட்களின் பக்கத்தை நாளை எடுக்க வேண்டும்.

வடக்குக் கேபிளுக்குச் சிவப்பு நாடா, தெற்குக்கு நீலம். நிறம் வைத்தால் குழப்பமே வராது.

சுடலை சொன்னது ஏனோ நினைவுக்கு வந்தது. அவர் சொன்னது மோட்டாரைப் பற்றி.

ஜூன் 12, திங்கள்

பதிவேட்டை எடுத்தேன். 2018 நவம்பர் 14. ஹெப்சிபா பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "கேபிள் மாற்றிய பிறகு வடக்கு, தெற்கு எண்கள் இடம் மாறியதுபோல் இருக்கிறது. மாறிச் செருகிவிட்டோமா? மாடியில் போய்ப் பார்க்க வேண்டும்."

அதன் கீழே என் கையெழுத்தில், பேனாவில்: "பார்த்தேன். சரி. ந. நல்லபெருமாள். 14.11.18."

ஆக, பார்த்தாயிற்று. பதிவேடு வைப்பதே இதற்காகத்தான். இந்தப் பக்கத்தைக் குழுவுக்குக் காட்ட வேண்டாம். பென்சில் எழுத்து திரையில் தெளிவாக விழாது.

ஜூன் 14, புதன்

பழைய நாட்குறிப்புகள் எல்லாம் பரணில் இருக்கின்றன. எடுத்துப் பார்க்க அவசியம் எதுவும் இல்லை. வீட்டு ஏணி வேறு ஆடுகிறது.

ஜூன் 15, வியாழன்

கல்லூரி முடிந்து வந்தால் சாப்பாட்டு மேசை மேல் 2018ஆம் வருட நாட்குறிப்பு தூசி தட்டி வைக்கப்பட்டிருந்தது.

"இதை யார் எடுக்கச் சொன்னது?"

"ரெண்டு நாளா பரணையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கிய. எதுவா இருந்தாலும் எடுத்துப் பாத்துட்டு ஒழுங்கா சாப்பிடுங்க" என்றாள்.

நவம்பர் 14இல் இப்படி எழுதியிருக்கிறேன்: "சென்னை. நாள் முழுக்கக் கூட்டம். ஆராய்ச்சித் தரத்தை உயர்த்துவது பற்றி. மதியம் அவியல் நன்று."

நவம்பர் 16: "காலை ஊர் வந்து சேர்ந்தேன். பதிவேட்டில் ஆறு பக்கம் கையெழுத்து பாக்கி. ஒரே மூச்சில் முடித்தேன். மாடி ஏணி ஈரம்."

வடிவு என் தோளுக்கு மேலாகப் படித்தாள். முழுக்கச் சொன்னேன். நாட்குறிப்பை மூடி வைத்துவிட்டு, "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாவ" என்றாள். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. நான் சென்னையில் அவியல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில், பாளையங்கோட்டை மொட்டை மாடியில் ஒன்றைப் பார்த்ததாக, இரண்டு நாள் கழித்துப் பழைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களை எதற்காகத் திட்டினேனோ அதையே செய்திருக்கிறேன். இதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜூன் 16, வெள்ளி

பார்க்காததால் தவறு என்று ஆகிவிடாது. கேபிள் சரியாகவே இருக்கலாம். அதைச் சோதிப்பது எளிது. மாடியில் வடக்குப் பெட்டியின் கேபிளைக் கழற்றினால், கீழே திரையில் "வடக்கு" என்ற எண் பூஜ்யமாக வேண்டும்.

ஷமீலாவை மாடிக்கு அனுப்பினேன். இரும்பு ஏணியில் பதினேழு படி. என் முழங்கால் நேற்றிலிருந்து மோசம். நான் கீழே திரையின் முன்னால் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"கழட்டுதேன் சார்" என்றாள்.

தெற்கு பூஜ்யமானது.

மறுபடி மாட்டச் சொன்னேன், மறுபடி கழற்றச் சொன்னேன். நான்கு முறையும் தெற்குதான் விழுந்தது. அந்த ஒன்றரை வடக்குக்கு உரியது. பாடப்புத்தகக் கணக்கு சரி. நான் சொன்ன மேல்வானக் காற்று விளக்கம், நடக்காத ஒன்று ஏன் நடந்தது என்பதற்கான விளக்கம்.

ஷமீலா இறங்கி வந்து பதிவேட்டில் எழுதினாள். என் முன்னால் நகர்த்தினாள். நான் பேனாவைத் திறந்தேன்.

"சார், ஒண்ணு சொல்லலாமா? நீங்க திரையைத்தான பாத்தீங்க. நான் மேல எதைக் கழட்டுனேன்னு நீங்க பாக்கலையே" என்றாள்.

குரலில் கிண்டல் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. பேனாவை மூடிவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது.

ஜூன் 18, ஞாயிறு

22ஆம் தேதி போகட்டும், பிறகு சொல்லலாம் என்று காலை முழுக்க ஒரு கணக்கு ஓடியது. பத்துக் கல்லூரிக்கும் அனுமதி கிடைத்துவிடும். பிறகு "புதிய ஆய்வில் தெரியவந்தது" என்று ஒரு திருத்தம் எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. பதினாலு பெண்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று வடிவிடம் சொன்னேன்.

வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்கிய. சொல்லணும்னா முன்னாடியே சொல்லுங்க. பொறவு சொன்னா அது சொன்னதுல சேராது."

"ஹெப்சிபா என்ன நினைப்பாள்?"

"அதை அவகிட்டதான் கேக்கணும். என்கிட்ட கேட்டா?"

பிறகு அவளாகவே சொன்னாள். தொலைபேசி நிலையத்தில் கேபிள் ஜோடி மாறிவிட்டால், இந்த வீட்டுக்கு வர வேண்டிய அழைப்பு அந்த வீட்டுக்குப் போகும். கம்பத்துக்குப் போய்ப் பார்க்காமல் மேசையிலேயே உட்கார்ந்து "சரிசெய்யப்பட்டது" என்று எழுதுகிற பொறியாளர் ஒருவர் இருந்தாராம். "நல்ல மனுசன்தான். உயரம்னா பயம். அதைச் சொல்லியிருந்தா நாங்க ஏறியிருப்போம். முதுகுவலின்னே சொல்லிட்டு இருந்தாரு."

எதற்காக இந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. வாழைக்காய் வறுவல் நன்றாக இருந்தது.

ஜூன் 19, திங்கள்

பதினோரு மணிக்கு ஹெப்சிபாவை அழைத்தேன். அவளுக்கு அடுத்த வகுப்பு பன்னிரண்டுக்கு. ஒன்றும் பூசாமல் சொன்னேன். சென்னை, அவியல், ஆறு பக்கம், ஒரே மூச்சு, எல்லாம்.

போனில் அவள் கல்லூரி வராந்தாவில் பெண்கள் போகும் சத்தம் கேட்டது.

"அந்தக் குறிப்பு எழுதின மறுநாள் நான் லீவு சார். பதினாறாம் தேதி சாயங்காலம் மாடி ஏறத்தான் வந்தேன். ஏணியில பாதி ஏறிட்டேன். அப்ப யாரோ சொன்னாங்க, சார் பாத்துட்டாங்கன்னு. இறங்கி வந்து பதிவேட்டைப் பாத்தேன். நீங்க எழுதிருந்தீங்க. அன்னைக்கு நீங்க சென்னையில இருந்தது எனக்குத் தெரியாது."

"என்னிடம் கேட்டிருக்கலாமே, அம்மா."

"உங்ககிட்டயா? பார்த்தேன்னு எழுதினா பார்த்ததுதான், அதுக்கு மேல சந்தேகப்பட்டா ஆய்வகமே நடக்காதுன்னு நீங்கதான சார் சொல்லித் தந்தீங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா எனக்கு மனசுக்குள்ள அது போகவே இல்ல. கட்டுரை வந்து எல்லாரும் பாராட்டுனப்பவும் போகல. நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவ, நல்ல முடிவைப் பாத்தாலும் சந்தேகம் வருதுன்னு நினைச்சுக்கிட்டேன். அதான் பாடம் எடுக்க வந்துட்டேன்."

அப்போது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. ஐந்து வருடம் ஒரு நல்ல விஞ்ஞானி தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறாள், நான் ஆறு பக்கத்தை ஒரே மூச்சில் முடித்ததால். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். எந்த மாணவரிடமும் இதற்கு முன் சொன்னதில்லை.

கட்டுரைக்கான திருத்தத்தை என் பெயரில் மட்டும் அனுப்புகிறேன் என்றேன்.

"வேண்டாம் சார். என் பேரும் இருக்கட்டும். ஆனா அந்தப் பென்சில் குறிப்பையும் போடுங்க" என்றாள். பிறகு, "பிள்ளைககிட்ட என்ன சொல்லுததுன்னுதான் தெரியல" என்றாள்.

மாலைக்குள் எழுதி இதழுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 22, வியாழன்

குழுவில் மூன்று பேர். முதல் படமாகப் பதிவேட்டின் 14.11.18 பக்கத்தைக் காட்டினேன். இரண்டாவது படமாக என் நாட்குறிப்பின் அதே தேதி. பென்சில் எழுத்து திரையில் தெளிவாகத்தான் விழுந்தது.

ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "இதை இன்னைக்கே சொல்லணுமா சார், நம்ம கையில அடுத்த வருசமும் இருக்கே" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை நானே எனக்குச் சொன்னதுதான்.

குழுத் தலைவி அறுபது வயது அம்மையார். சோதனைக் கருவிகளோடு வாழ்நாள் முழுக்கப் புழங்கிய கை, பார்த்தாலே தெரிகிறது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இப்ப கேபிள் மாறியிருக்குன்னு சொல்றீங்களே, அதை மாடியில போய் நீங்க பாத்தீங்களா?"

"மாணவி பார்த்தார்" என்றேன்.

அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்கு முடிவு சொன்னார்கள். பத்துக் கல்லூரி இல்லை. தெற்கு அதிகம் என்பதற்காகத்தான் பத்து, அது போய்விட்டது. ஒரே ஒரு கல்லூரியில் ஒரு வருடம் வைத்து, சரியான எண்ணிக்கை அங்கேயும் வருகிறதா என்று பார்க்கலாம். குறிப்பை எழுதியவரிடமே அந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். மார்த்தாண்டம். ஒரு நிபந்தனை: ஜூலை 3க்குள் கேபிள் சோதனை அறிக்கை வேண்டும். எழுதுபவர் ஹெப்சிபா. பார்த்தேன் என்று கையெழுத்திடுபவர் நான்.

ஒன்பது கல்லூரிகளுக்குப் போன் செய்து சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள். நியாயம்தான். கடைசியாக மார்த்தாண்டத்துக்குச் சொன்னேன். ஹெப்சிபா "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை வைக்க மறந்துவிட்டாள். "பிள்ளைகளா, இங்க வாங்க" என்று அவள் ஓடுவது எனக்குக் கேட்டது.

ஜூன் 28, புதன்

வடிவு கேட்டாள்: "அந்த மாடி ஏணி பதினேழு படியா?" ஆமாம் என்றேன்.

ஜூலை 1, சனி

ஹெப்சிபா காலைப் பேருந்தில் வந்துவிட்டாள். கையில் நேந்திரங்காய் வற்றல், அவர்கள் ஊர் சிப்ஸ், இரண்டு பாக்கெட். வடிவும் துறைக்கு வந்தாள். "அந்த ஏணி எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றாள். ஷமீலா பதிவேட்டையும் பேனாவையும் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்பாக ஏறிவிட்டாள். அடுத்து ஹெப்சிபா ஏறினாள்.

நான் ஏணியின் கீழே நின்றேன்.

"முழங்காலா சார்?" என்று மேலேயிருந்து ஹெப்சிபா கேட்டாள். "வேணும்னா நாங்களே..."

"முழங்காலுக்கு ஒன்றுமில்லை" என்றேன். "பயம். உயரம் என்றால் எனக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே."

வடிவு, "இதைச் சொல்ல முப்பத்திரண்டு வருசமா" என்றாள். பிறகு என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். "நான் கீழ இருக்கேன். கீழ குனிஞ்சு பாக்காம ஏறுங்க. நான் எண்ணுதேன்."

ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணினாள். ஒன்பதாவது படியில் நின்றுவிட்டேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "ஒன்பது" என்றாள். பத்தை நான் சொன்னேன்.

எங்கள் துறையின் மொட்டை மாடியை, கருவியைத் திறந்துவைத்த நாளுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். அன்று தற்காலிகமாக ஒரு மரப்படிக்கட்டு போட்டிருந்தார்கள். மேற்கே பொதிகை மலை, பாதிக்கு மேல் மேகம். இரண்டு பெட்டிகளும் நான் நினைத்திருந்ததைவிடச் சிறியவை. வடக்குப் பெட்டியின் அடியில் குனிந்து பார்த்தேன். நீல நாடா. வெயிலில் வெளுத்திருந்தாலும் நீலம்தான். ஐந்து வருடமாக அங்கேயே, குனிந்தால் தெரிகிற இடத்தில் இருந்திருக்கிறது.

ஹெப்சிபா அந்தக் கேபிளைக் கழற்றினாள். ஷமீலாவின் போன் திரையில் தெற்கு பூஜ்யமானது. இரண்டு பெட்டிகளின் கேபிள்களையும் மாற்றிச் செருகிவிட்டு, வடக்குப் பெட்டியில் மறுபடி கழற்றினாள். வடக்கு பூஜ்யமானது.

ஹெப்சிபா பதிவேட்டை மாடிச் சுவரில் வைத்து எழுதினாள். இந்த முறை பேனாவில். நான் கீழே "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணல்.

ஷமீலா ஒரு பக்கம் பின்னால் புரட்டி ஜூன் 16ஐக் காட்டினாள். "இதுலயும் போட்டுடுங்களேன் சார். இப்பதான் பாத்துட்டீங்களே."

"அன்றைக்குப் பார்க்கவில்லையே" என்றேன். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. வடிவு கீழே நின்றபடியே பதினேழிலிருந்து ஒன்றுவரை தலைகீழாக எண்ணினாள். தரையில் கால் பட்டதும் நேந்திரங்காய் வற்றலைப் பிரித்து நான்கு பேரும் அங்கேயே நின்று தின்றோம். ஒரு பாக்கெட் அங்கேயே தீர்ந்துவிட்டது.

ஜூலை 2, ஞாயிறு

காலையில் மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வடிவு கேட்டாள். "ஏறிப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்து நின்றாள்.

முக்கால் தொட்டி இருந்தது.